தூங்குமூஞ்சிக்கு ஒரு முகவரி

என் தூங்குமூஞ்சி மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, போனில் கேட்டால் ம் என்கிறாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு நம் மெத்தைக் கடைக்கு வந்து, இதில் என்ன பஞ்சு அடைத்திருக்கிறீர்கள், படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். தையலைப் பார்த்ததுமே நம்முடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் லேபிளில் தூங்குமூஞ்சி என்று, நாம் கடைக்கு வைத்த உன் பட்டப்பெயரேதான் இருக்கிறது, யாரோ ஒருவன் ஆன்லைனில் நம் கடைப் பெயரைப் போட்டு விற்கிறானாம்.

நமக்கு போர்டு எழுதியவர் இப்போது வெப்சைட்டும் செய்து கொடுக்கிறார், அவரிடம் ஓடினேன். இணையத்தில் ஒரு முகவரி ஒருவருக்குத்தான், அதற்கு டொமைன் என்று பெயர், முந்திப் பதிகிறவருக்கே கிடைக்கும், அவன் முந்திக்கொண்டால் நம்மைத் தேடுகிறவர்களும் அவன் வாசலில்தான் போய் நிற்பார்கள் என்றார். எனக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல். இந்தப் பெயர்களையெல்லாம் யார் உட்கார்ந்து கொடுக்கிறார்கள், ஒரேயடியாக வாங்கிவிட முடியாதா, மறந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு அவர் டீயை ஆற வைத்துவிட்டேன். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம், விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். நல்லவேளை, தேடிப் பார்த்தபோது நம் பெயர் காலியாகத்தான் இருந்தது. லேபிள் விஷயத்துக்கு வக்கீலைப் பார்க்கச் சொன்னார், அதற்கும் போகப்போகிறோம்.

அப்பாவோ, இதென்ன ரோதனை, பேசாமல் வேறு பெயர் வைத்துத் தொலைத்தால் என்ன என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நீ வெளியூர் போனபிறகு வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. கடைக்கு போன் வந்து, "தூங்குமூஞ்சிங்களா?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அதை எவனுக்கோ எப்படி விட்டுக்கொடுப்பேன்?

அந்த முகவரியை என் பெயரிலேயே பதிந்தாயிற்று. புதுப்பிக்கச் சொல்லி மெயில் வருமாம், யாருக்கு அனுப்புவது என்று போர்டுக்காரர் கேட்டார், எனக்கு மெயில் இருந்தும் உன்னுடையதைக் கொடுத்தேன். நீயாகக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டாமா.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கண்ணு. மெயில் வந்தால் பதில் மெயில் போடாதே, கூப்பிடு.

உன் அம்மா