உன் பெயரில் என் ரத்தம்

மச்சான்,

இன்று காலை நேற்றைய கறிக்குழம்புச் சட்டியைத் திறந்தேன். மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. விரல் பட்டதும் வழுக்கியது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். அதைச் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து தின்றவன்தான் நானும்.

அன்று கொழுப்பு டெஸ்ட் எடுக்க, சிதம்பரத்து லேபுக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், நீ இடியாப்பமும் பாயாவும் முடித்துவிட்டுப் போனாய். அங்கிருந்த பெண் உன் ரத்தம் பிடித்த குழாயைத் தூக்கிக் காட்டினாள். சிவப்புக்கு மேலே பால் மாதிரி ஏதோ நின்றது.

"யப்பா, டீ போடலாம் போலருக்கே மச்சான்!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கொழுப்பு தண்ணியில கரையாதுண்ணா. அதனால ஒடம்பு அதுக்குப் புரதத்தால உறை போட்டு, பொட்டலம் பொட்டலமா ரத்தத்துல அனுப்புது. ஒரு வகை கொண்டுபோயி எறக்கும். அது ஜாஸ்தியானா ரத்தக்கொழா சுவத்துல ஒட்டிக்கும். இன்னொரு வகை மிச்சத்த வாரிக்கிட்டு ஈரலுக்குத் திரும்பும்."

பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு அடிப்பவன் ஆயிற்றே நீ. "அட, நம்ம தொழிலு! எனக்கு ரிட்டன் வண்டி கம்மியோ?" என்று கேட்டாய்.

"வெறும் வயித்துல வாங்க, பாத்து சொல்றேன்."

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டாய். "மச்சான், நீ ஒல்லிக்குச்சி. எம் பேர்ல நீ குடுத்துடேன். டாக்டர் மாத்திர எழுதுனாருன்னா ஒன் தங்கச்சி கறியக் கண்ணுல காட்ட மாட்டா."

மறுநாள் கடலூரில், நம்மைத் தெரியாத வேறொரு லேபில், உன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். பெரிய வேடிக்கை என்று நினைப்பு. ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. அன்றைக்கே வறுவல் வாங்கிக் கொண்டாடினோமே, தூ!

மூன்றாம் மாதம், குமராட்சிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் நீ எழவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

தங்கச்சி அந்த ரிப்போர்ட்டை வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். "எல்லாம் நல்லாருக்குன்னானே, பாவி டாக்டரு!" பக்கத்தில் உட்கார்ந்து நானும் "ஆமா, ஆமா" என்றேன். இந்த வாயால் எத்தனையோ அசிங்கம் பேசியிருக்கிறேன். அந்த "ஆமா"வைப் போல நாறியது எதுவுமில்லை.

சட்டியைக் கொட்டிவிட்டு நேரே அவளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று பார்த்தேன். ரிப்போர்ட்டை எடுத்து வரிவரியாக விரலை ஓட்டினாள்.

"அப்ப இதெல்லாம் ஒன் ரத்தமாண்ணே?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்குது. நீயே வச்சுக்க."

என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் மச்சான். மேலே உன் பெயர்தான் இருக்கிறது.