பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். பாப்பா தட்டுல சோறும் காயும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. ஒட்டினா தட்டையே தள்ளிடுவா.

சாயங்காலம் மேல்வீட்டு அம்மா மகனோட வருவாங்க. போன தடவை ஆள் வந்தப்போ செஞ்ச மாதிரி, பாப்பாவை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டு "அவளுக்குக் காய்ச்சல்"னு சொல்லாதீங்க. நேத்து நான் கத்தினது தப்புதான். சொன்னது தப்பில்லை.

அவங்க பாஷை எனக்குத் தெரியாது, நம்ம பாஷை அவங்களுக்குத் தெரியாது. நேத்து லிஃப்ட் வாசல்ல அவங்களைப் பார்த்தப்போ பாப்பா கையை உதறிக்கிட்டே நின்னா. "ஆட்டிசம்"னு மட்டும் சொன்னேன். உடனே தன் மகனைக் காட்டித் தலையாட்டினாங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்கன்னு சைகையிலயே கூப்பிட்டேன்.

மிக்ஸி மட்டும் போடாதீங்க, பாப்பா காதைப் பொத்திக்குவா.

சொல்ல மறந்துட்டேன். அப்புறம் அவங்க மகன் நெத்தியில கையை வெச்சு, அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் காட்டிச் சிரிச்சாங்க. அவங்க வீட்லயும் இத்தனை நாளா காய்ச்சல்தான் போல.