கால்வாயின் நடுவே போன கோடு

ஜூன் 6

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "பெயரை விடுங்கள், கோட்டைப் பாருங்கள்."

நகராட்சி அரங்கில் கருத்துக்கேட்புக் கூட்டம். எங்கள் சட்டமன்றத் தொகுதியில் ஜனத்தொகை பெருகிவிட்டதால் ஒரு பகுதியை வெட்டிப் பக்கத்துத் தொகுதியில் சேர்க்க வேண்டும். வரைவுப் படம் போட்டது எங்கள் எல்லை வரையறை அலுவலகம். கணினியில் கோட்டை இழுத்தது நான். படத்துக்குப் பக்கத்தில் கையில் குச்சியோடு நின்றேன். ஆலோசனை சொல்லக் கூடாது, விளக்கலாம் என்பது எங்களுக்கு உத்தரவு.

கால்வாய்க் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். வரைவில் தொகுதியின் பழைய பெயரை எடுத்துவிட்டு, புதிதாக வளர்ந்த புறநகரின் பெயரை வைத்திருந்தோம். அவ்வளவுதான், அரங்கம் கொதித்தது. முடிதிருத்துபவர் ஒருவர் எழுந்து, "எங்க அப்பா கல்லறையில இந்தப் பேருதான் இருக்கு. அவரை எழுப்பி விட்டு மாத்துவீங்களா?" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற நீதிபதி இரண்டு தடவை கேட்டார்: "எல்லைக் கோட்டைப் பத்தி யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஆலைத் தொழிற்சங்கக்காரர் கையை வீசினார். "கோடு கெடக்கட்டுங்க ஐயா. முதல்ல பேருக்கு ஒரு வழி சொல்லுங்க."

கோடு கால்வாயின் நடுவில் போகிறது. படத்தில் கால்வாய் நீலம்; கோடு அதன் மேலேயே படுத்திருக்கிறது. பார்ப்பவர்கள் கண்ணுக்குக் கால்வாய்தான் தெரியும். அது எப்போதும் அங்கேதானே இருக்கிறது?

குச்சியைத் தூக்கியிருந்தால் போதும்.

ஜூன் 7

எல்லை என்றால் ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை ஒட்டிப் போக வேண்டும் என்பது அலுவலக வழக்கம். படத்தில் கால்வாயைப் பார்த்ததும் பிரிவுத் தலைவருக்குச் சந்தோஷம். "கடவுளே போட்டு வச்ச கோடும்மா."

அந்தக் குடியிருப்புக்குக் கால்வாய் எல்லையே இல்லை. வீட்டின் நடுக்கூடம் மாதிரி. பள்ளிக்கூடம் மேற்குக் கரையில், மருந்தகம் கிழக்குக் கரையில். மரப்பாலத்தில் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை குறுக்கே போகிறார்கள் என்று எந்தப் படமும் சொல்லாது. மழைத் தண்ணீரை வெளியேற்றும் மதகு மேற்கில், பம்ப் அறை கிழக்கில். இரண்டையும் ஒன்றாக இயக்கினால்தான் பள்ளமான கிழக்குக் கரை தப்பும்.

ரயில் பாதையை எல்லையாக வைத்து இன்னொரு படமும் போட்டிருந்தேன். ஜனத்தொகைக் கணக்கு அதிலும் சரியாக வந்தது. இரண்டு கரையும் சேர்ந்தே இருந்தன. "கோட்டை யாராவது எதிர்த்தா எடுத்துக் காட்டலாம். நாமளா போய்க் கிளற வேண்டாம்," என்றார் தலைவர்.

எழுத்தில் ஆட்சேபணை தர மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது.

ஜூன் 9

சித்தி வந்திருந்தாள்.

அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் என் சித்தி என்பதை இதுவரை இங்கே எழுதவில்லை. என்னிடமே மறைக்கிறேனா?

பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டர். இன்றைக்கும் குடியிருப்பில் கண்டக்டரம்மா என்றால்தான் தெரியும். சட்டசபை வாசலில் கூட்டமாக நின்று கதை பேசிய உறுப்பினர்களை, "படியில தொங்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று விரட்டியதை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பம்ப் அறையைக் கொண்டுவந்தது சித்திதான். மழை வலுத்தால் ஒரு போனில் மதகையும் திறக்க வைப்பாள், பம்பையும் போட வைப்பாள்.

பெயருக்காகக் கையெழுத்து வாங்கித் தொண்டை கட்டியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஏன் பாப்பா, பேரைத் தவிர நாங்க வேற ஏதாச்சும் பாக்கணுமா?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் படத்துலயே இருக்கு, சித்தி."

"படம்னா எனக்கு எங்க புரியுது! ஸ்டாப்பிங் பேரைச் சொன்னா புரியும்." சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை. பிறகு ஏன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனேன்?

ஜூன் 15

சித்திக்குச் சாதகமாகக் கோட்டை வளைத்தாள் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிட்டால்? படமே செல்லாமல் போகும், வேலையும் போகும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இதை நேர்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. அந்த உறுப்பினர் யாரோ ஒருவராக இருந்திருந்தால் குச்சியைத் தூக்கிக் காட்டியிருப்பேனா? காட்டியிருப்பேன். அப்படியானால் அந்த இரண்டு பஸ் ஜனங்களும் என் சித்தியின் தொகுதியில் பிறந்த குற்றத்துக்காக என் விளக்கத்தை இழந்தார்கள். இது என்ன நேர்மை?

பக்கத்து மேசைக்காரி சொல்கிறாள், நான் நிறையப் படித்துக் கெட்டுப்போனேனாம். இருக்கலாம். எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று நின்றால் நிற்கிற இடமும் ஒரு பக்கம்தான் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பேன்.

ஜூன் 30

பெயர் பற்றி மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். கோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. மாலையில் ஆட்சேபணைப் பெட்டியை மூடினார்கள். ரயில் பாதைப் படம் என் கணினியில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

இறுதி அறிவிப்பு வந்துவிட்டது. பழைய பெயரே நீடிக்கும். குடியிருப்பில் வெடி வெடித்தார்களாம். தொழிற்சங்கக்காரர் அலுவலகத்துக்கே இனிப்பு கொண்டுவந்தார். "ஜெயிச்சிட்டோம்மா, எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது!

ஆகஸ்ட் 24

சித்தி போன் செய்தாள்.

"பாப்பா, என் வீடே என் தொகுதியில இல்லையாமே?"

"ஆமா சித்தி. கிழக்குக் கரை முழுசும் பக்கத்துத் தொகுதிக்குப் போயிடுச்சு."

"பேரு?"

"பேரு மேற்குக் கரையோட போயிடுச்சு."

சிரிப்பது போல, "கண்டக்டரையே நடு வழியில இறக்கி விட்டுட்டீங்களேடி" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். ரயில் பாதைப் படம் இருந்ததை, யாராவது ஒருவர் கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார்கள் என்பதை, அரங்கத்தில் நான் நின்ற இடத்தை. எல்லாவற்றையும்.

"நான் கேட்டேனே, பாப்பா."

"கேட்டீங்க, சித்தி."

அவள் திட்டியிருக்கலாம். "சரி, அம்மாவை மாத்திரை போடச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 21

வாக்குப்பதிவு. பழைய பெயருள்ள தொகுதியிலேயே சித்தி நின்றாள். மேற்குக் கரை மொத்தமும் அவளுக்குத்தான். ஆனால் சித்தியைக் கண்ணால் பார்த்தே இராத புறநகர் அதைவிடப் பெரியது.

கிழக்குக் கரைச் சாவடியில் ஒரு பெரியவர் இயந்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். "எங்க கண்டக்டரம்மா பட்டன் எங்கய்யா?" அவங்க இங்கே நிற்கவில்லை என்று சொன்னதற்கு, "நேத்துக்கூட எங்க தெருக் குழாயில தண்ணி பிடிச்சாங்களே!" என்று சண்டைக்குப் போனாராம். எந்தப் பட்டனையும் அழுத்தாமல் வெளியே வந்துவிட்டார்.

மார்ச் 25

சித்தி தோற்றுவிட்டாள்.

நவம்பர் 12

மூன்று நாளாக மழை. மதகைத் திறக்கச் சொல்ல வேண்டியது ஒரு உறுப்பினரின் அலுவலகம், பம்பைப் போடச் சொல்ல வேண்டியது இன்னொருவருடையது. மதகு திறக்காமல் பம்பைப் போட்டு என்ன பயன் என்கிறது கிழக்கு. பம்ப் ஓடாமல் மதகை எதற்குத் திறப்பது என்கிறது மேற்கு. சித்தி இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போன் போட்டாள். "நீங்க யாரும்மா பேசறது?" என்று கேட்டார்களாம்.

நேற்றுக் காலை கிழக்குக் கரை வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சித்தியின் கட்டில், தையல் மிஷின், மூட்டை முடிச்செல்லாம் எங்கள் முன்னறையில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் குடும்பமும் எங்களோடுதான். அவர்களுக்குச் சித்தி என்னை அறிமுகம் செய்தாள்: "அக்கா பொண்ணு. படம் வரையற வேலை."