கணக்கென்றால் பயம்

அன்புள்ள அப்பாவுக்கு, நெகேசா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் கடிதம்.

எங்கள் லோட்வார் பள்ளிப் பிள்ளைகளும் போர்ச்சுகல் பிள்ளைகளும் கணக்குப் பாடம் பற்றித் திரைவழியே மனம்விட்டுப் பேசினார்கள். "பிடிக்கும்னே சொல்லணும்" என்று தலைமையாசிரியர் முன்பே மிரட்டியிருந்தார். என் மாணவி அகிரு எழுந்து, "கணக்குன்னா பயம். தப்பாப் போட்டா அடிக்கிறாங்க" என்றாள். திரையில் ஒரு போர்ச்சுகல் சிறுமி, "எனக்கும் பயந்தான். பாத்ரூம்ல போய் அழுவேன்" என்றாள்.

பிறகு தலைமையாசிரியர் என்னை அழைத்து, "அகிருவ மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இல்லைன்னா மூட்டையக் கட்டு" என்றார்.

"அவ கேக்க மாட்டா சார். நானும் போகமாட்டேன்" என்றேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

கொஞ்சம் கேழ்வரகு மாவு அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பிடும்போது வேறெதுவும் இறங்கவில்லை.

நேற்று அகிரு தானாகவே கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள். ஓடவில்லை. நிமிர்ந்து நின்று, "எங்க தப்பு டீச்சர்?" என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் மகள்,
நெகேசா