வெயில் படாத நட்சத்திரம்

நாங்களே கட்டிய புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தேன். மேலாகவே எங்கள் காகித நட்சத்திரம், மடித்தது மடித்தபடி இருந்தது. விரித்துப் பார்த்தால் சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்றால் இரண்டாவது மழையிலேயே வெளுத்து ஒரு முனை கிழிந்துபோக வேண்டும். இது பதினோரு டிசம்பர் கண்டும் கடையில் வாங்கிய நாள் போலவே இருக்கிறது. ஏனென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் முழுக்க அது ஒரு நாள்கூட வெளியே தொங்கியதில்லை.

வீட்டுக்காரம்மா, நீங்கள் இறந்து இரண்டு மாதமாகிறது. உங்களைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் பொய்.

முதல் டிசம்பரில் நான் பால்கனிக் கம்பியில் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்தீர்கள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"டீச்சர், அது எதுக்கு வெளியில? உள்ள மாட்டிக்குங்களேன்."

"ஒரு மாசந்தாங்க. புது வருஷம் முடிஞ்சதும் எடுத்துடுவேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நாலு பேர் கேப்பாங்க."

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்று பலமுறை சொல்லியும் நீங்கள் டீச்சரை விடவில்லை. அது போகட்டும். அந்த நாலு பேர் யார் என்றாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு பார்க்க வந்த அன்று, "குடவாசல் பக்கம்னா எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?" என்று விசாரித்து, என் பதிலுக்கு "அப்படியா" என்று இழுத்தீர்கள். அதற்கு முன் மூன்று வீடுகளில் அந்தப் பதிலோடு சாவி உள்ளே போய்விட்டது. நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். அந்த ஒரு சாவிக்காகப் பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சுவரில் ஆணி கூடாது என்பதால் நட்சத்திரம் ஹாலில், மின்விசிறிக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. ஜன்னல் வழியாகச் சிவப்பு தெரிகிறது என்று அடுத்த வருஷம் திரையை இழுத்துவிடச் சொன்னீர்கள். கேக்கை மட்டும் மறுத்ததில்லை. "முட்டை போட்டதா டீச்சர்? சரி, வெச்சுட்டுப் போங்க."

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் உங்கள் மகனுக்குக் கல்யாணம் வந்தது. மொட்டைமாடியிலிருந்து வாசல்வரை சீரியல் செட் இறக்கினீர்கள். பத்து நாள் எங்கள் ஜன்னலுக்குக் குறுக்கே பச்சையும் நீலமும் ஓடின. என் மகள் கீழே இறங்கிவந்து, "பாட்டி, இதோட எங்க ஸ்டாரையும் மாட்டிக்கலாமா?" என்று கேட்டாள். "அது கல்யாண லைட்டு கண்ணு. இது வேற, அது வேற." உங்கள் வார்த்தையை உங்கள் சிரிப்போடு அப்படியே வந்து என்னிடம் சொன்னாள். பிறகு அவள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள்மேல் எனக்கு உள்ள கோபத்தில் பெரிய பங்கு அதுதான்.

நீங்கள் போனதற்குத் துக்கம் கேட்க வந்திருந்தேன். உங்கள் மகன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அம்மா எல்லாருக்கும் உங்களத்தாங்க உதாரணம் சொல்வாங்க. பதினோரு வருஷம், ஒரு ஆணி அடிச்சதில்ல. இருந்த எடமே தெரியாதுன்னு." பாராட்டாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை மகளோடு தஞ்சாவூரில் கடைக்குப் போனேன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கடை முழுக்க நட்சத்திரம், மணி, மான், கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி. "வெளியில மாட்டவா மேடம், உள்ளயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உள்ள" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இப்ப நாம இருக்கிறது யாரு வீடு?"

மழைக்குத் தாங்கும் பெரிய பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்றும் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு சீரியல் செட்டும் வாங்கினோம். மகள் மானைக் காட்டியபோது வேண்டாம் என்றேன். மினுக்கும் விளக்கு வேண்டாம், நின்று எரிவது போதும் என்றேன். அது என் ரசனையா, உங்களுடையதா என்று எனக்கே நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெளியே எங்குமே பிளக் பாயிண்ட் இல்லை. வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கே கேட்டேனே மேடம், வெளியில ஒரு பாயிண்ட் வெச்சிரலாமான்னு. நீங்கதான் எதுக்கு, வேணாம்னீங்க."

எனக்கு நினைவே இல்லை. ஒவ்வொரு ஸ்விட்சின் உயரத்துக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். இதற்கு மட்டும் யோசிக்காமல் வேண்டாம் என்றிருக்கிறேன். உங்கள் சட்டத்தை என் சுவருக்குள் நானே வைத்துப் பூசியிருக்கிறேன்.

"புதுச் சுவரு மேடம். டிரில் போட்டா பெயிண்ட் பேந்துரும். உள்ளயே மாட்டிக்கலாமே?" என்றார், உங்களைத் தெரியாத அந்த மனிதரும்.

"போடுங்க."

"எத்தன ஓட்டை?"

"எத்தன வேணுமோ அத்தன."

சாயங்காலம் விளக்கைப் போட்டோம். எதிரே சம்பா வயல். நட்சத்திர வெளிச்சம் வரப்புவரை போனது. புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்தவர் வண்டியை நிறுத்தினார்.

"கிறிஸ்டினுங்களா நீங்க?"

"ஆமாங்க." அடுத்தது எந்தத் தெரு என்றுதான் வரும் என்று காத்து நின்றேன்.

"உங்க போர்ல தண்ணி உப்பு கரிக்குதா?"

"இல்லங்க."

"அப்ப எங்களுக்குத்தான் கரிக்குது" என்று அலுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் நாலு பேரில் முதல் ஆள் இவர்தான்.

பழைய காகித நட்சத்திரத்தை மகள் கேட் கம்பியில் கட்டினாள். "நனைஞ்சிடும்டி" என்றேன். "நனையட்டும்" என்றாள். இரண்டு மழை கண்டுவிட்டது. ஒரு முனை வெளுத்துவிட்டது.

தினமும் ஆறு மணிக்கு நான்தான் ஸ்விட்ச் போடுகிறேன். போட்டதும் ஒரு கணம் கீழே காது கொடுக்கிறேன், நீங்கள் கூப்பிடுகிறீர்களா என்று. என் வீட்டுக்குக் கீழே மண்தான் இருக்கிறது. அந்த ஒரு கணத்தை உங்கள் மாடியிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டேன். மகளிடம் அது இல்லை. என்னிடம் இருக்கிறவரை உங்களை மன்னிப்பதாக இல்லை.