படத்துக்குக் கீழே ஒரு வரி

அக்கா,

உங்கள் படத்துக்குக் கீழே ‘அடக்கமே உருவானவர்’ என்று எழுதப்போகிறார்கள். உங்கள் மகள் இன்று காலை வில்பட்டியிலிருந்து பேசி உறுதிசெய்தாள். வாசகம் உங்கள் தம்பி சொன்னது. ஞாயிறன்று சமுதாயக்கூடத்தில் மாட்டுகிறார்கள்.

“எங்கம்மாவா சார் அது? படிச்சா அம்மாவே சிரிச்சிருக்கும். வேற ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கு எம்புள்ளைக அதைப் படிச்சுத்தான் ஆச்சியத் தெரிஞ்சுக்கணும்” என்றாள்.

‘அடக்கம்’ என்ற அந்தச் சொல்லை எத்தனையோ இரங்கல் செய்திகளில் நானே போட்டிருக்கிறேன். என்ன பொருளில் என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன். பெண் பார்க்கப் போனவர்கள் சொன்னால், குரல் உயர்த்தாதவள். தலைவரைப் பற்றி என்றால், பழைய செருப்போடு வருபவர். வீட்டைச் சொன்னால், சின்னது. இதில் நீங்கள் எங்கே?

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விலைச் செய்தி எடுக்க நான் வந்திருந்த நாளில் கமிஷன் கடைக்காரர் உங்களிடம், “கொஞ்சம் அடக்கமாப் பேசுங்கம்மா” என்றார்.

“இன்னைக்கு வந்ததுல எங்க கேரட்டுதாங்க நல்ல கேரட்டு. மெல்லச் சொன்னா மாறிருமா? ஒடிச்சுப் பாருங்க.”

ஒடித்தார், கடித்தார், இன்னொன்றை எடுத்தார். மூட்டை இறக்கியவர்தான் சிரித்தார்: “அக்கா வாயும் கேரட்டும் ஒண்ணுபோல, நறுக்குன்னு இருக்கு.”

பிறகு ஒரு மழையில் உங்கள் ஊர்ச் சாலை சரிந்தது. ஊரே மண்ணை அள்ளி வழி உண்டாக்கியது. செய்தி எடுக்க வந்த என்னிடம் ஒருவர், “அக்காதாங்க முன்னால நின்னு அள்ளுச்சு” என்றார். நான் எழுதத் தொடங்கினேன்.

“ஏலே, நான் எங்க அள்ளுனேன்?” என்று அவரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். “டீ போட்டுக் குடுத்தேன் தம்பி, அதை எழுதுங்க. டீ நல்லா இருந்துச்சுன்னு வேணா சேத்துக்கங்க.”

அன்று உங்களைத் தன்னடக்கக்காரி என்றார்கள். சந்தையில் திமிர்க்காரி. இரண்டு இடத்திலும் உள்ளதை உள்ள அளவில்தான் சொன்னீர்கள். அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் உண்டா என்று இன்னும் தேடுகிறேன். இறந்தவர் வீடுகளில் இப்போதெல்லாம் ‘எப்படிப்பட்டவர்’ என்று நான் கேட்பதில்லை. ‘தன் வேலையைப் பற்றி என்ன சொல்வார்?’ என்கிறேன். கேட்டதும் முகங்கள் மாறுகின்றன.

உங்கள் மகளுக்கு எழுதி அனுப்பியது இது: ‘கூட்டியும் சொல்லாதவர், குறைத்தும் சொல்லாதவர்.’

அவள் அதைச் சொல்லக் கேட்ட உங்கள் தம்பி என்னிடம் போனில் தயங்கினார். “அக்காவ ஊரு நல்ல பொம்பளைன்னு நெனைக்கணும் சார். அதுக்குத்தான் அப்படிப் போடச் சொன்னேன்.” பிறகு அவரே, “டீ நல்லாத்தான் போடும்” என்றார்.

எந்த வரி என்று அச்சுக் கடைக்கு நாளைக் காலை அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை உங்கள் படத்துக்குக் கீழே எழுத்தில்லை.