காம்போடு ஒரு மிளகு

என் செல்ல அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமான இடங்களையும் விடமாட்டேன்.

நாளை மறுநாளோடு நீ போய் ஒரு வருஷம். மாத்தளை டவுனில் ஒரு பிரிண்ட் கடையில், உன் நினைவு நோட்டீஸ் அச்சாகி முடியக் காத்திருக்கிறேன். பெஞ்சில் நான் மட்டும்தான். நீ படம் வரைந்த டெப்லெட், உன் டெப், என் மடியில் இருக்கிறது.

நீ முடிக்காமல் விட்ட படம் ஞாபகமிருக்கிறதா? நான்கு கட்டம், நான்கிலும் உன் முகம். ஒன்றில் நீல முடி, ஒன்றில் பச்சைக் கன்னம், ஒன்றில் ரோஸ் நெற்றி. நான்காவதில் கோடு மட்டும்தான் போட்டிருந்தாய், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. முடித்த மூன்றிலும் முகத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மற்றவர்களின் பாப் ஆர்ட் படங்களில் புள்ளி வட்டமாக, வழவழப்பாக இருக்கும். உன் புள்ளிகளுக்குச் சுருங்கிய தோல். அம்மா முற்றத்தில் காயப்போட்ட மிளகைப் போட்டோ எடுத்து, டெப்பில் வரைய நீயே செய்த பிரஷ் அது.

அதை நான் அழித்துவிட்டேன், அக்கா.

என்னை 'லைப்ரரி மிஸ்' என்று கிண்டல் பண்ணுவாயே. போன மாசம் டெப்பில் இடமில்லை என்று வந்தது. என் புத்தகங்களுக்கு நம்பர் போட்டு அடுக்குவதுபோல உன் பிரஷ்களையும் அடுக்கினேன். பெயரில்லாதவை எல்லாம் வேண்டாதவை என்று நினைத்தேன். நீயாகச் செய்த எதற்குமே நீ பெயர் வைக்கவில்லை என்பது அழித்த பிறகுதான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயங்களை நான் சொல்வது உன்னிடம்தானே?

அந்தப் படத்தை நினைவு நோட்டீஸில் போடுவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்த பிள்ளைக்கு ரோஸ் கலர்ல மூஞ்சியா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? ஸ்கூல் போட்டோவுக்கு மாலை போட்டுக் குடு" என்றார்.

நான்காவது கட்டத்தை முடிக்க, நேற்று ஒரு பிடி மிளகைச் சாக்கின் மேலேயே பரப்பிப் போட்டோ எடுத்தேன். பிரஷாக்கி இழுத்தால் வெறும் கறுப்புப் பட்டை. மறுபடியும் பட்டைதான். பிரஷுக்கு எடுக்கும் போட்டோவில் கறுப்பெல்லாம் நிறமாகும், வெள்ளை மட்டும்தான் மறையும் என்று நீ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய கலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மிளகைப் பரப்பினேன். இந்தத் தடவை புள்ளி வந்தது. ஆனால் உன் புள்ளி இல்லை. எது குறைகிறது என்று தெரியாமல் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

"என்னடி, மிளகை எல்லாம் இறைச்சு வச்சிருக்க?" என்றபடி அம்மா வந்தார்.

"அக்காவோட பிரஷை அழிச்சிட்டேன்ம்மா."

அம்மா திட்டவில்லை. குனிந்து சாக்கைக் கிளறி, காம்போடு இருந்த ஒரு மிளகை எடுத்துத் தாளின் நடுவில் வைத்தார்.

"ஒண்ணு இப்படி வைப்பா. நான் புடைக்கும்போது வந்து, 'அம்மா, வாலோட ஒண்ணு குடுங்க'ன்னு நிப்பா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. உன் பக்கத்திலேயே படுத்த எனக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் நீ இன்னும் என்னென்ன கேட்டிருப்பாய்? பழைய கட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை ஒரு குட்டி வால்.

அம்மா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றார். "கடைசிக் கட்டத்துக்கு மஞ்சள் போடு. அவளுக்கு மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்" என்றார். அதன் பிறகு ஸ்கூல் போட்டோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்கார நானா படத்தைப் பார்த்ததும், "என்ன தங்கச்சி, நினைவு நோட்டீஸா, கார்னிவல் போஸ்டரா?" என்று சிரித்தார். பிறகு கீழே இருந்த உன் பெயரையும் வயதையும் வாசித்தார். முதல் தாளில் மஞ்சள் வெளுத்திருக்கிறது என்று அவராகவே சரிசெய்து மறுபடி அடித்தார்.

இப்போது நோட்டீஸ்களைக் கட்டாகக் கட்டித் தந்துவிட்டார். மேல் தாளில் நீ நான்கு தடவை சிரிக்கிறாய். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் இதைத்தான் வைப்பேன். வேறு யார் இருக்கிறார்கள்?

புதுப் பிரஷுக்கு நானும் பெயர் வைக்கவில்லை. இனிமேல் உன்னுடைய எதையும், என்னவென்று அம்மாவிடம் கேட்காமல் அழிக்கமாட்டேன். இது சத்தியம்.

"பூட்டப்போறேன் தங்கச்சி, இருட்டுறதுக்குள்ள அலுவிகாரை பஸ்ஸைப் புடிங்க" என்கிறார் நானா. இந்த வரி கோணலாக இருந்தால் கோபிக்காதே. கடை லைட்டை எல்லாம் அணைத்துவிட்டார்.

உன் ஒரே தங்கச்சி,
பூரணி